பின்னணி ஓசைக்குப் பதினைந்து நிமிடம்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்திலிருந்து பிறந்தது. அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; பாதிக் கதையில் தெரியவந்தால் நீங்கள் என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை போய்விடும். (இன்னும் வைக்கவில்லை என்றால் ரொம்ப நல்லது. போவதற்கு ஒன்றுமில்லை.)

நான் குடியிருப்பது முதல் மாடி. சந்துக்கு எதிர்ப்பக்கம், தரைத்தளத்தில், ஒரு தகரப் பட்டறை. புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, டிரங்குப் பெட்டி, மழைநீர்க் குழாய் என்று தகட்டில் செய்யக்கூடிய எதையும் அங்கே செய்து தருவார்கள். சந்தின் அகலத்தைக் கேட்டால், ஒருவர் குடை விரித்துக்கொண்டு போகலாம். எதிரில் வருபவர் தன் குடையை மடக்கியாக வேண்டும். காலை எட்டரைக்கு முதல் அடி விழும். தகட்டில் விழுந்த அடி தகட்டோடு நிற்குமா? சுவர் ஏறி, என் மேசையில் இறங்கி, எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் இடுப்பை ஒடித்துவிட்டுத்தான் போகும்.

ஆகவே நகராட்சிக்கு ஒரு பக்கத்தில் புகார் எழுதினேன். பன்னிரண்டு தடவை திருத்தினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போன இரண்டு வருடத்தில் நான் எழுதி முடித்த ஒரே படைப்பு அதுதான். 'என் செவிப்பறையைத் தகடென்று எண்ணி அடிக்கிறார்கள்' என்று அதில் ஒரு வரி. எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அப்படி ஒரு வரி.

இருபது நாளில் பதில் வந்தது. ஒலி அளக்கும் அலுவலர் வருவார் என்றது. பட்டறைக்கும் ஒரு காகிதம் போயிருந்தது: உரிமம் புதுப்பிக்கும் தேதி மாதக் கடைசி, அதற்குள் எடுக்கும் அளவு அறுபது டெசிபலைத் தாண்டினால் உரிமம் இல்லை. நான் கேட்டது கொஞ்சம் அமைதி. கிளம்பி வந்தது ஒரு பட்டறையையே இழுத்து மூடும் காகிதம். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

குற்ற உணர்ச்சி வந்தால் மற்றவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். எழுத்தாளன் கதை எழுத உட்காருவான். உட்கார்ந்தேன்.

'ஓசை என்பது யாதெனில்...' (வேண்டாம். இரண்டாவது வரிக்கு யாரும் வரமாட்டார்கள்.)

'அந்தச் சந்தில் சூரியனும் தகரத்தில் பட்டுத்தான்...' (சூரியனை விட்டுவிடுவோம். பாவம், எல்லாக் கதையிலும் அதுதான் முதலில் எழுந்து வரவேண்டியிருக்கிறது.)

'அளவைக்காரி பேருந்திலிருந்து இறங்கும்போது பெட்டியை முதலில் இறக்கினாள்.'

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம்.

அளவைக்காரி பேருந்திலிருந்து இறங்கும்போது பெட்டியை முதலில் இறக்கினாள். உள்ளே மீட்டர் இருந்தது. காற்று அதன் காதில் ஊதாமல் இருக்க ஒரு பஞ்சு உருண்டை, மடக்கு முக்காலி, படிவங்கள், ஒரு தண்ணீர் பாட்டில். பத்தொன்பது வருடமாக இதே வேலை. மாவு மில், மரம் அறுக்கும் இடம், ஜெனரேட்டர் வைத்த ஜவுளிக்கடை, மாடியில் நாற்காலி இழுக்கும் குடும்பம் என்று அவள் அளக்காத சத்தம் இல்லை. போகிற இடமெல்லாம் இரண்டு பேர் அவளைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். "மீட்டருக்குச் சத்தம்தாங்க தெரியும். யாருக்கு யாரு மேல கோபம்னு அதுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு முக்காலியை விரிப்பாள்.

ஊருக்கெல்லாம் சத்தத்தைக் குறைக்கச் சொல்பவளின் வீட்டில் மாமனாருக்குக் காது மந்தம். அவர் செய்தி கேட்டால் தெருவே கேட்கும். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து காதுக்கருவி வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டே நாள்தான். "இதப் போட்டா எல்லாரும் என்னைப் பார்த்துக் கத்துறீங்கம்மா" என்று கழற்றி வைத்துவிட்டார். அவரிடம் கத்திக் கத்திப் பேசி எல்லோருக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

3

அவள் மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினாள். இரவுப் பணி முடித்துத் தூங்க முடியாமல் சிவந்த கண்களோடு ஒரு நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"வாங்க மேடம். மூணு வாரமாத் தூக்கமே இல்ல."

"எந்த ஆஸ்பத்திரில வேலை பார்க்கறீங்க?"

நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. அளவைக்காரியின் பார்வை மேசைக்குப் போனது. ஒரே கடிதத்தின் பன்னிரண்டு பிரதிகள் அங்கே கிடந்தன. நர்ஸின் விரலில் மை.

சரி, ஒப்புக்கொள்கிறேன். நர்ஸ் என்று யாரும் இல்லை. பகலில் தூங்கியாக வேண்டிய ஒருத்தி புகார் கொடுத்தால் உங்கள் மனம் உடனே இளகும் என்று போட்டுப் பார்த்தேன். எழுத்தாளன் கொடுத்தால் யார் இளகப் போகிறார்கள்? அவனுக்குத் தூக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றுவரை அந்தச் சுத்தியல் சத்தத்திலேயே தூங்குகிறான்.

நர்ஸை அனுப்பிவிட்டேன். போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். நல்ல பெண்.

3 (மறுபடியும்)

கதவைத் திறந்தவர் மாடிக்காரர். (நான்தான். இனி கொஞ்ச தூரத்துக்கு என்னை அப்படியே அழைக்கிறேன். நான் பார்ப்பதைவிட அவள் பார்க்கும்போது சுவாரஸ்யமாக இருக்கிறேன்.) ஐம்பது வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா, அளவைக்காரியை எதிர்பார்த்துச் சீவிய தலை.

"புகார் கொடுத்தது நீங்கதானே சார்? லெட்டரைப் படிச்சேன்."

மாடிக்காரரின் முகம் மலர்ந்தது. "அந்தச் செவிப்பறை வரி..."

"அது எனக்கு வேண்டாம் சார். எத்தனை மணிலேருந்து எத்தனை மணி வரைக்கும்னு லெட்டர்ல எங்கயுமே இல்ல. அதைச் சொல்லுங்க."

மலர்ந்தது வாடியது. மணி சொன்னார். அவள் படிவத்தில் எழுதிக்கொண்டு பால்கனியின் ஓரத்தில் முக்காலியை விரித்தாள். மாடிக்காரரின் ஜன்னல் அங்கிருந்து நாலடிகூட இல்லை.

"முதல்ல பட்டறை ஓடும்போது கால் மணி நேரம் எடுப்பேன். அப்புறம் அவங்களை நிறுத்தச் சொல்லிட்டு, பின்னணி ஓசைன்னு இன்னொரு கால் மணி நேரம். அந்த நேரத்துல நான் பேசக்கூடாது, என் குரலும் பதிவாயிடும். நீங்க என்னைக் கண்டுக்காதீங்க. எப்பவும் போல இருங்க."

இதில் கடைசி வாக்கியம் மட்டும் மாடிக்காரரின் காதில் விழுந்தது. வாடிய மனிதர்களுக்குக் கடைசி வாக்கியம்தான் விழும்.

4

அளவைக்காரி கீழே இறங்கிப் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். கூட அவளுடைய தம்பி. இன்னொருவரை எல்லோரும் 'சம்மட்டி' என்று கூப்பிட்டார்கள். ஆள் ஆறடி, குரல் மட்டும் பஞ்சில் சுற்றிய மாதிரி மெல்லியது.

"அக்கா, இன்னிக்கு லேசாத் தட்டிக்கலாமா?" என்றான் தம்பி, அளவைக்காரிக்குக் கேட்கக்கூடாது என்ற நினைப்பில்.

"எப்பவும் அடிக்கிற மாதிரி அடி. இன்னிக்கு லேசாத் தட்டிட்டு நாளைக்கு ஓங்கி அடிச்சா நான் எந்த மூஞ்சியோட அவங்களப் பார்க்கிறது?" என்றவள் அளவைக்காரியிடம் திரும்பினாள். "மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். ஊருக்கு வெளியே போய்க்கோன்னு எல்லாரும் ஈஸியாச் சொல்லிடறாங்க. குழாய் ஒழுகுதுன்னு ஒரு வளையம் கேட்டு யாரு அவ்வளவு தூரம் வருவா? இந்தச் சந்துல இருக்கற வரைக்கும்தான் இது பட்டறை. வெளியே போனா வெறும் கொட்டகை."

அளவைக்காரி படிவத்தில் நேரத்தைக் குறித்தாள். பதில் சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும். மேலே வந்து மீட்டரைப் பொத்தானழுத்தி ஓடவிட்டாள். கால் மணி நேரம் சுத்தியல்கள் எப்போதும் போலவே விழுந்தன. எண் வந்தது: அறுபத்தேழு.

பத்தொன்பது வருடத்தில் பொய் சொல்லிக் குறைக்கச் சொன்னவர்களைத்தான் பார்த்திருக்கிறாள். உண்மையை அடித்துக் காட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பவளை இன்றுதான் பார்க்கிறாள். ஆனால் எண் எண்தானே.

கைக்குட்டையை வீசிக் காட்டினாள். கீழே சுத்தியல்கள் ஓய்ந்தன. பின்னணி ஓசைக்கு மீட்டரை ஓடவிட்டாள். சந்தில் அமைதி இறங்கியது. ஒரு விநாடி. இரண்டு விநாடி.

"எதுக்குடி இங்க வந்தே?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள்.

5

அது பெண் இல்லை. மாடிக்காரர்.

அவருடைய வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எழுதியதை உரக்கப் படித்தால்தான் எங்கே நொண்டுகிறது என்று அவருக்குத் தெரியும். பட்டறை ஓடும்போது படிக்க முடியாது. ஆகவே சுத்தியல் ஓய்ந்த மறுநொடி தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே நடக்க ஆரம்பித்துவிடுவார். தினமும் பதினோரு மணி டீ நேரத்தில் இதுதான் நடக்கிறது. இன்று சுத்தியல் ஓய்ந்தது. எப்போதும் போல இருக்கச் சொல்லியிருந்தார்கள். இருந்தார்.

"எதுக்கு வந்தேன்னா? பஸ்ஸுக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டு என்ன உன் பேர்ல எழுதியிருக்கா?" இது இன்னொரு பெண். தங்கை. பதினொரு வருடம் பேசாத அக்காவும் தங்கையும் ஒரே பேருந்து நிலையத்தில், ஒரே பெஞ்சில். அக்காவுக்குத் தொண்டையின் அடியிலிருந்து ஒரு குரல். தங்கைக்கு மூக்கிலிருந்து ஒன்று.

அளவைக்காரி திடுக்கிட்டுக் கையை ஆட்டினாள். பேசக்கூடாதே! வாயில் விரல் வைத்தாள். மீட்டரைச் சுட்டினாள். மாடிக்காரர் பார்த்தார். இந்த அம்மா கதையில் மயங்கிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பாராட்டை ஏற்று, குரலை இன்னும் ஏற்றினார்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மீட்டரில் நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் உண்டு. வேண்டாத சத்தம் குறுக்கே வந்தால் அதை அழுத்திவிட்டுக் காத்திருக்கலாம். அவளுடைய விரல் அந்தப் பொத்தானின் மேல்தான் இருந்தது. ஏன் அழுத்தவில்லை? முதல் பிரதியில் 'பதற்றத்தில் மறந்தாள்' என்று எழுதினேன். பத்தொன்பது வருட அனுபவக்காரி மறப்பாளா? இரண்டாவதில், 'பட்டறையைக் காப்பாற்ற நினைத்தாள்.' அது அவளைத் தியாகியாக்கிவிடுகிறது. முக்காலி தூக்கி அலைகிற பெண்ணுக்கு அந்தப் பாரமும் எதற்கு? பிறகு அவளிடமே கேட்டேன். "அக்கா என்ன பதில் சொல்லப் போறான்னு பார்த்துட்டு அழுத்தலாம்னு இருந்தேன் சார்" என்றாள். அதையே வைத்துக்கொண்டேன்.)

தங்கை அழுதாள். அக்கா அழவில்லை. தங்கை ஏறவேண்டிய பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தார். அதையும் மாடிக்காரரே அடித்தார். தங்கை படியில் கால் வைத்தாள்.

"அப்போது அக்கா..." என்றார் மாடிக்காரர்.

நிறுத்தினார். தாளை மடித்தார்.

"அய்யோ!" என்று கீழேயிருந்து ஒரு மெல்லிய குரல் அலறியது. சம்மட்டி.

அளவைக்காரி எட்டிப் பார்த்தாள். பட்டறைக்காரம்மா, தம்பி, சம்மட்டி மூவரும் சந்தின் நடுவில், அண்ணாந்தபடி நின்றிருந்தார்கள். மீட்டரைப் பார்த்தாள். பின்னணி ஓசை: அறுபத்தொன்பது.

பட்டறையைவிட இரண்டு அதிகம். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்ததா, கவலை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. பட்டறை இல்லாதபோதே சந்து அதைவிடச் சத்தமாக இருந்தால் பட்டறையைக் குற்றம் சொல்ல விதியில் இடமில்லை. படிவத்தில் 'அளவு செல்லாது; மறு அளவை வெள்ளிக்கிழமை' என்று எழுதினாள். வெள்ளிக்கிழமைதான் உரிமத்தின் கடைசி நாள்.

6

பட்டறைக்காரம்மா மூச்சு வாங்க மாடிக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே மற்ற இருவர்.

"ஏன் சார், சத்தமா இருக்குன்னா நேர்ல வந்து சொல்லியிருக்கலாம்ல? பன்னெண்டு படிதானே?"

மாடிக்காரர் தரையைப் பார்த்தார். "சொல்லணும்னுதான் நெனச்சேன். எழுதத்தான் வந்துச்சு."

"என்னத்த எழுதினீங்க? மூணு மாசமா அந்த பஸ் கிளம்பவே மாட்டேங்குது."

"உங்க சத்தத்துலதாங்க முடிவு வரல."

"நல்லாருக்கே! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நாங்க டீ குடிக்க நிறுத்தும்போது மட்டும் வந்துதா?"

எனக்கும் அன்றுதான் தெரிந்தது, முடிவு வராததற்கு நான் தகரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்று. புகாரே அந்தக் கோபத்தில் எழுதியதுதான்.

அளவைக்காரி மெல்லத் தொண்டையைச் செருமினாள். பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள். "அம்மா, நீங்களும் அந்தப் பன்னெண்டு படி ஏறலையே."

பட்டறைக்காரம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. அது அவள் நகராட்சிக்கு அனுப்பிய புகார். அளவைக்காரி படித்தாள்:

'எதிர் மாடியில் இருப்பவர் தினமும் இரண்டு பெண் குரலில் மாறி மாறிச் சண்டை போடுகிறார். அதுகூடப் பரவாயில்லை. பாதியில் நிறுத்திவிடுகிறார். அக்கா பேசினாளா இல்லையா என்று தெரியாமல் என் ஆட்கள் ஓங்கிய கையோடு நிற்கிறார்கள். போன வாரம் ஒருவர் கட்டைவிரலில் அடித்துக்கொண்டார். தகுந்த நடவடிக்கை எடுக்கவும்.'

சம்மட்டி துணி சுற்றிய கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், சாட்சியாக.

(இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லைக்கூட நான் திருத்தவில்லை. என்னுடைய பன்னிரண்டு பிரதிகளைவிட இது நன்றாக இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.)

முதலில் சிரித்தது தம்பி. அப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று கணக்கில்லை. மாடிக்காரர் நாற்காலிகளை இழுத்துப் போட்டார், கிறீச்சென்றது, அளவைக்காரி பழக்கத்தில் மீட்டரைப் பார்த்தாள், எல்லோரும் இன்னொரு முறை சிரித்தார்கள்.

ஆனால் சிரித்து முடித்ததும் வெள்ளிக்கிழமை அப்படியே இருந்தது. அறுபத்தேழு அப்படியே இருந்தது.

"புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் மேடம். நான் கொடுத்ததுதானே, திரும்ப எடுத்துக்கறேன்" என்றார் மாடிக்காரர்.

"எடுக்க முடியாது சார். அளவு எடுக்க ஆரம்பிச்சாச்சு. இனி அது நகராட்சியோட கோப்பு." பிறகு பட்டறைக்காரம்மாவிடம் சொன்னாள்: "வாங்கம்மா, கீழ போய் ஒண்ணு காட்டறேன்."

7

அளவைக்காரிக்கு அளப்பதைத் தவிர இன்னொன்றும் தெரியும் என்பதை இப்போதுதான் சொல்லத் தோன்றுகிறது. நல்ல கதாசிரியன் முன்பே சொல்லியிருப்பான்.

பட்டறையில் ஒரு தகட்டைக் கிடத்தி சம்மட்டியை அடிக்கச் சொன்னாள். 'ணங்' என்று அடித்தார். சந்துக் கோடிவரை போனது. இப்போது அவள் தன் இரண்டு உள்ளங்கையையும் தகட்டின் மேல் அழுத்திவைத்தாள். "மறுபடி அடிங்க." சம்மட்டி அவள் கையைப் பார்த்துப் பயந்து தள்ளி நின்று அடித்தார். 'டக்.' அவ்வளவுதான்.

"அடியால சத்தம் இல்ல. அடிச்சப்புறம் தகடு அதிருது பாருங்க, அதுதான் மாடி வரைக்கும் போகுது. அதிர விடாம ஏதாவது கனமா மேல போட்டு வைங்க."

"மணல் மூட்டை?" என்றாள் பட்டறைக்காரம்மா. "இறுக்கி நிரப்பினா தகடு நெளிஞ்சிடும். முக்கால் மூட்டைதான் நிரப்பணும். அப்பதான் தகடு எப்படி வளையுதோ அப்படியே அதுவும் படுத்துக்கும்."

"அது உங்க வேலைம்மா. எனக்குத் தெரியாது" என்றாள் அளவைக்காரி, சந்தோஷமாக.

அன்று சாயங்காலமே மணல் வந்தது. பழைய சைக்கிள் டயரை வெட்டி அடிக்கும் கட்டைக்கு அடியில் போட்டார்கள். மடிப்பு வேலைக்கு இரும்புச் சுத்தியலை விட்டுவிட்டுக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை எடுத்தார்கள். எது எப்போது என்று பட்டறைக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதிப் போட்டாள் பட்டறைக்காரம்மா: இரும்பு அடி, பத்திலிருந்து பன்னிரண்டரை. மர அடி, மத்தியானம். இரண்டு நாளில் சந்துக்காரர்கள் அதன் கீழே தங்களுடையதையும் எழுத ஆரம்பித்தார்கள். மூலைவீட்டுத் தண்ணீர் மோட்டார், காலை ஏழு. கைக்குழந்தை தூங்கும் நேரம், இரண்டிலிருந்து நாலு. யாரோ சேர்த்திருந்தார்கள்: மாடி சார் வாசிப்பு, பதினொன்று முதல் பதினொன்றேகால், *முடிவோடு*.

முடிவு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: வெள்ளிக்கிழமை மீட்டர் ஐம்பது காட்டுகிறது. எல்லோரும் கைகோத்துக்கொண்டு... (எதற்குக் கைகோக்கிறார்கள்? சந்தில் இடமில்லை.)

முடிவு ஆ: அறுபத்துநாலு. பட்டறைக் கதவு இழுத்து மூடப்படுகிறது. சம்மட்டி தன் சுத்தியலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் ஜன்னலைப் பார்க்காமல் போகிறார். சந்தில் நான் கேட்ட அமைதி. நான் பேனாவை எடுத்து...

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. தாளைக் கிழித்துவிட்டேன். இலக்கியத்துக்கு அது நல்ல முடிவு என்று நண்பர் ஒருவர் சொன்னார். இலக்கியம் வேண்டுமானால் அந்தச் சந்தில் குடியிருந்து பார்க்கட்டும்.

8

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. அதே பால்கனி, அதே முக்காலி. (மாடிக்காரர் என்ற முகமூடியை இங்கே கழற்றிவிடுகிறேன். வியர்க்கிறது.)

"சார்," என்றாள் அளவைக்காரி, "இன்னிக்கு எப்பவும் போல இருக்காதீங்க. சும்மா இருங்க."

கீழே வேலை ஆரம்பமானது. டக், டக், டக். நான் ஜன்னலோரம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது நிமிடம் ஒரு ஸ்கூட்டர் சந்துக்குள் நுழைந்து ஒலிப்பானை அடித்தது. அவள் கண் சிமிட்டும் நேரத்தில் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். ஸ்கூட்டர் போனதும் மறுபடி ஓடவிட்டாள். பொத்தான் எங்கே இருக்கிறதென்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கால் மணி நேரம் முடிந்தது. எண்ணைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. பொல்லாத பெண். படிவத்தில் எழுதினாள், கைக்குட்டையை வீசினாள். இனி பின்னணி ஓசைக்குப் பதினைந்து நிமிடம்.

சுத்தியல்கள் ஓய்ந்தன. பட்டறைக்காரம்மாவும் தம்பியும் சம்மட்டியும் வெளியே வந்து சந்தில் நின்றார்கள். கைக்குழந்தையின் அம்மா வாசலுக்கு வந்தாள். மூலைவீட்டுக்காரர் தும்மல் வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர்கள் எல்லோரும் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; என் கையிலிருந்த தாளை. உரிமத்துக்காகத்தான் இவ்வளவு அமைதி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், முப்பது வருடம் எழுதியதில் இப்படி ஒரு அவை எனக்குக் கூடியதில்லை. தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். நல்லவேளை, பேசக்கூடாத நேரம்.

தம்பி வாயசைத்துக் கேட்டான்: எவ்வளவு? அளவைக்காரி பார்க்காததுபோல் இருந்தாள்.

பதினைந்தாவது நிமிடம் அவள் மீட்டரை அணைத்தாள். பஞ்சு உருண்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள்.

"பட்டறை ஓடும்போது ஐம்பத்தொன்பது. பின்னணி நாற்பத்தாறு." பிறகும் யாரும் அசையாததைப் பார்த்து, "உரிமம் உண்டும்மா! இன்னிக்கே ரிப்போர்ட்டைக் கொண்டு போய்க் கொடுத்துடறேன்!" என்றாள்.

பட்டறைக்காரம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தம்பி குதித்தான். சம்மட்டி அந்த மெல்லிய குரலில் என்னவோ கத்தினார், ஒருவருக்கும் கேட்கவில்லை. கைக்குழந்தை விழித்துக்கொண்டது. அதன் அம்மா கவலைப்படவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது; மறைக்கவில்லை.

பட்டறைக்காரம்மாதான் முதலில் நிதானத்துக்கு வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரி சார், மணி பதினொண்ணு ஆச்சு. அக்கா பேசினாளா இல்லையா?"

தாளைப் பிரித்தேன். அதில் 'அப்போது அக்கா' என்பது வரைக்கும்தான் இருந்தது.

"தெரியலைங்க," என்றேன். "சத்தியமாத் தெரியல. நீங்களே சொல்லுங்களேன்."

"பேசணும்!" என்றாள் பட்டறைக்காரம்மா. "பதினோரு வருஷம் போதாதா?"

"அதெப்படி, தங்கச்சிதான் முதல்ல மன்னிப்புக் கேட்கணும்" என்றான் தம்பி. "தம்பின்னா எப்பவோ கேட்டிருப்பான்."

"நீ எங்கடா கேட்டே? போன மாசம் என் ரிவிட்டு ஆணியெல்லாம் தொலைச்சியே, கேட்டியா?"

"பஸ்ஸை நிறுத்தி அக்காவும் ஏறிக்கணும்," என்றார் சம்மட்டி. "பேச வேண்டியதே இல்ல. பக்கத்துல உட்கார்ந்தாப் போதும்."

"டிக்கெட்?" என்றார் மூலைவீட்டுக்காரர், தும்மி முடித்துவிட்டு.

"அதைத் தங்கச்சி எடுப்பா!" என்று என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கத்தியது. அளவைக்காரி. அவளே திடுக்கிட்டு, அணைத்திருந்த மீட்டரை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

இதுதான் இப்போதைய நிலவரம். கீழே ஐந்து பேரும் மேலே ஒருத்தியும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு யார் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. பேருந்து கிளம்பவில்லை. தங்கையின் ஒரு கால் படியில் இருக்கிறது. அக்கா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். அதுவரை நான் எழுதிவிட்டேன், இதோ, இந்த வரியில்.

அவள் என்ன செய்வாள் என்று நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். பட்டறையில் வேலை ஆரம்பித்துவிட்டது.